ஒரு டிஸ்க்கிலிருந்து இருபது டிஸ்க்: நகல் எடுக்கும் வேலை, வரிசை மாறாமல்

சி.டி., டி.வி.டி. காலம் முடிந்துவிட்டது என்று சொல்பவர்கள் கடலூர் கோர்ட் பக்கம் ஒரு வேலை நாளில் வந்து நிற்கலாம். வழக்கில் சேர்க்க வேண்டிய சி.சி.டி.வி. பதிவு இன்னும் டிஸ்க்கில்தான் கேட்கப்படுகிறது. கோர்ட்டுக்கு ஒன்று, எதிர்த்தரப்புக்கு ஒன்று, வக்கீலின் கேஸ் கட்டுக்குள் வைக்க ஒன்று. கல்யாண வீடியோ, அரங்கேற்றம், பள்ளி ஆண்டு விழா எல்லாம் பென் டிரைவுக்குப் போய்விட்டாலும், "டி.வி.டி.யும் ஒண்ணு போட்டுக் குடுத்துடுங்க, அப்பாவுக்கு அதுதான் தெரியும்" என்று கேட்கும் வீடுகள் புதுச்சேரியிலும் கடலூரிலும் இருக்கின்றன.

வேலை சின்னது. ஆனால் புதிதாகக் கற்பவர்கள் எல்லோரும் தடுக்கி விழுவது வரிசையில்தான். டிஸ்க்கைப் போட்டதும் 'காப்பி' பட்டனைத் தேடுவார்கள். மூல டிஸ்க்கிலிருந்து ஒரே ஒரு இமேஜ் (டிஸ்க் முழுவதும் அப்படியே கம்ப்யூட்டரில் கோப்பாக) எடுத்து, அது சரிதானா என்று பார்த்து, எல்லா நகலையும் அந்த இமேஜிலிருந்தே போட வேண்டும். கீழே உள்ளதெல்லாம் இந்த ஒரு விஷயத்தின் விரிவுதான்.

1. கையில் இருப்பது எந்த வகை டிஸ்க்?

மூன்று வகை வரும். கோப்புகள் உள்ள டேட்டா டிஸ்க், பாட்டு சி.டி., டி.வி. பிளேயரில் ஓடும் வீடியோ டி.வி.டி. மூன்றுக்கும் நகல் எடுக்கும் வழி வேறு. அதனால் டிஸ்க்கைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

பாட்டு சி.டி.யை விண்டோஸில் திறந்தால் 'ட்ராக்01.சிடிஏ' என்று வரிசையாகக் கோப்புகள் தெரியும். புதியவர் அவற்றை அப்படியே இழுத்து டெஸ்க்டாப்பில் போடுவார். ஒரு நொடியில் முடிந்துவிடும், மகிழ்ச்சியாக இருக்கும். அந்தக் கோப்பின் அளவைப் பாருங்கள்: 44 பைட். அதில் பாட்டே இல்லை, பாட்டு எங்கே தொடங்குகிறது என்ற குறிப்பு மட்டும்தான் இருக்கிறது. மூல டிஸ்க் டிரைவில் இருக்கும்வரை பாடும், எடுத்ததும் மௌனம்.

வீடியோ டி.வி.டி.யில் 'வீடியோ_டிஎஸ்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும், அதற்குள் ஒவ்வொன்றும் 1 ஜி.பி.யைத் தாண்டாத துண்டுகளாக வி.ஓ.பி. கோப்புகள். அந்தத் துண்டுகளைச் சாதாரண டேட்டாவாக இழுத்துப் போட்டு ரைட் பண்ணினால் கம்ப்யூட்டரில் ஓடும், வீட்டு பிளேயர் பல சமயம் ஏற்காது. பிளேயர் அந்தக் கோப்புகளைக் குறிப்பிட்ட வரிசையில், குறிப்பிட்ட இடத்தில் எதிர்பார்க்கிறது.

கடையில் விற்கும் சினிமா டிஸ்க்கை யாராவது நீட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அது 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்துக்குள் வரும் சங்கதி. தவிர, அவற்றில் பெரும்பாலும் பூட்டு உண்டு. அந்தப் பூட்டின் சாவி எழுதப்படும் இடம், நாம் வாங்கும் பிளாங்க் டிஸ்க்கில் எழுத முடியாதபடிதான் வருகிறது.

2. முன்னாலேயே எடுத்து வைக்க வேண்டியவை

இரண்டு டிரைவ். ஒன்று போதுமே என்று தோன்றும், போதாது. ஏன் என்பது எட்டாம் படியில் தெரியும். இரண்டும் வேறு வேறு கம்பெனியாக இருந்தால் இன்னும் நல்லது.

யூ.எஸ்.பி.யில் செருகும் மெல்லிய டிரைவ் என்றால் மின்சாரத்தைக் கவனியுங்கள். படிக்கும்போது ஒழுங்காக இருக்கும், எழுதத் தொடங்கியதும் லேசருக்குக் கூடுதல் மின்சாரம் வேண்டும். கம்ப்யூட்டரின் முன்பக்க போர்ட்டிலோ, நாலு பேர் தொங்கும் ஹப்பிலோ செருகியிருந்தால் பாதியில் நின்றுவிடும். பின்பக்க போர்ட்டில் நேராகச் செருகுங்கள். டிரைவோடு இரட்டைத் தலை ஒயர் வந்திருந்தால் இரண்டு தலையையும் செருகுங்கள். அது அலங்காரத்துக்குக் கொடுத்ததில்லை.

யு.பி.எஸ். கட்டாயம். ஒருமுறை எழுதும் டிஸ்க் பாதியில் நின்றால் குப்பைதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்தக் கரையோரத்தில் கரண்ட் எப்போது கண் சிமிட்டும் என்று யாருக்கும் தெரியாது. புயல் எச்சரிக்கை இருக்கும் நாளில் இருபது டிஸ்க் ஆர்டரைத் தொடங்காதீர்கள்.

அளவு கணக்கு: சி.டி. 700 எம்.பி. டி.வி.டி.யின் உறையில் 4.7 ஜி.பி. என்று இருக்கும், விண்டோஸ் அதையே 4.37 என்று காட்டும். டிஸ்க்கில் குறையில்லை, ஆயிரத்தால் எண்ணுவதற்கும் 1024-ஆல் எண்ணுவதற்கும் உள்ள வித்தியாசம் அது. இரட்டை அடுக்கு டி.வி.டி. 8.5, புளூ-ரே 25 ஜி.பி. 4.5 ஜி.பி. வீடியோவை வைத்துக்கொண்டு "டிஸ்க்குல இடம் இருக்கே, ஏன் ஏத்த மாட்டேங்குது" என்று திணறுபவர்கள் இந்தக் கணக்கில்தான் மாட்டுகிறார்கள்.

ஹார்ட் டிஸ்க்கில் இமேஜுக்கு இடம் வேண்டும். மென்பொருளுக்கு விண்டோஸில் இம்ஜ்பர்ன் போதும். 2013-க்குப் பிறகு புதிய பதிப்பு வரவில்லை என்றாலும் இந்த வேலைக்கு இன்றும் நம்பகமானது. உபுண்டு வைத்திருப்பவர்களுக்கு கே3பி. ஹாஷ் (கோப்பு மாறாமல் இருக்கிறதா என்று காட்டும் எண், ஐந்தாம் படியில் வரும்) கணக்கிட செவன்-ஜிப்.

3. மூல டிஸ்க்கைத் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்

மென்மையான உலர்ந்த பருத்தித் துணி போதும். நடுத்துளையிலிருந்து விளிம்பு நோக்கி நேர்கோட்டில் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைக்கவே கூடாது. தகவல் வட்டப் பாதையில்தான் எழுதப்பட்டிருக்கிறது. குறுக்காக விழும் கீறலில் ஒரு சுற்றுக்குக் கொஞ்சம்தான் போகும், அதைப் பிழைதிருத்தக் குறியீடு ஈடுகட்டிவிடும். பாதையோடு சேர்ந்து ஓடும் கீறலில் தொடர்ச்சியாக நிறையப் போய்விடும், அதை ஈடுகட்ட முடியாது.

பளபளக்கும் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள். சி.டி.யில் தகவல் அடுக்கு இருப்பது மேல்பக்கத்துக்கு, அதாவது பெயர் எழுதும் பக்கத்துக்கு மிக அருகில், ஒரு மெல்லிய பூச்சுக்குக் கீழே. டி.வி.டி.யில் அது இரண்டு 0.6 மி.மீ. தகடுகளுக்கு நடுவில் பத்திரமாக இருக்கிறது. ஆகவே சி.டி.யை மின்விளக்குக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள். ஊசி முனையளவு வெளிச்சப் புள்ளிகள் தெரிந்தால் அந்த இடத்தில் பிரதிபலிக்கும் பூச்சே உரிந்துவிட்டது. துடைத்து வராது.

மழைக்காலத்தில் ஏ.சி. காரிலிருந்து நேராகக் கடைக்குள் வரும் டிஸ்க்கில் ஆவி படிந்திருக்கும். கால் மணி நேரம் வெளியே வைத்துவிட்டுப் பிறகு டிரைவில் போடுங்கள்.

4. ஒரே ஒரு இமேஜ்

இம்ஜ்பர்னில் 'கிரியேட் இமேஜ் ஃபைல் ஃப்ரம் டிஸ்க்'. டேட்டா டிஸ்க்குக்கும் வீடியோ டி.வி.டி.க்கும் ஐ.எஸ்.ஓ. கோப்பு கிடைக்கும். பாட்டு சி.டி.க்கு ஐ.எஸ்.ஓ. உதவாது. 'பின்' (.bin), 'கியூ' (.cue) என்று இரண்டு கோப்புகள் உருவாகும், இரண்டையும் சேர்த்தே வைத்திருக்க வேண்டும். கியூ கோப்பில் எந்தப் பாட்டு எங்கே தொடங்குகிறது, இடையில் எவ்வளவு இடைவெளி என்பது இருக்கிறது. சின்னக் கோப்புதானே என்று அதை அழித்தால், 'பின்' கோப்பு தலை வால் தெரியாத ஒரே நீளப் பதிவாகிவிடும்.

ஏன் நேரடியாக டிஸ்க்கிலிருந்து டிஸ்க்குக்குப் போடக் கூடாது? இருபது நகல் என்றால் மூல டிஸ்க்கை இருபது முறை படிக்க வேண்டும். கீறல் விழுந்த டிஸ்க் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி படிக்கும் என்ற உத்தரவாதமில்லை. நடுவில் டிரைவ் திணறினால் எழுதிக்கொண்டிருக்கும் பிளாங்க் டிஸ்க்கும் போகும். இமேஜ் எடுத்துவிட்டால் மூல டிஸ்க்குக்கு அன்றைக்கு ஒரே ஒரு ஓட்டம்தான்.

நகலிலிருந்து நகல் எடுப்பதும் பாட்டு சி.டி.யில் ஆபத்து. டேட்டா சி.டி.யில் பிழைதிருத்தத்துக்கு ஓர் அடுக்கு கூடுதலாக இருக்கிறது. சரியாகப் படிக்க முடியாவிட்டால் 'முடியவில்லை' என்று நின்றுவிடும். பாட்டு சி.டி.யில் அந்த அடுக்கு இல்லை. படிக்க முடியாத இடத்தை டிரைவ் அக்கம்பக்கத்து ஒலியை வைத்து உத்தேசமாக நிரப்பிவிட்டு, ஒன்றும் நடக்காதது போல் போய்க்கொண்டே இருக்கும். அந்த உத்தேசம் அடுத்த நகலில் அசலாகிவிடும். மூன்றாம் தலைமுறை நகலில் மிருதங்கச் சொல் மொட்டையாகக் கேட்பது இதனால்தான்.

படிக்கும்போது பிழை வந்தால் 'இக்னோர்' பட்டனை அழுத்தி முன்னே போவதுதான் நான் பார்த்ததிலேயே மோசமான பழக்கம். அழுத்தினால் இமேஜ் முழுசாக வந்த மாதிரியே தெரியும், உள்ளே ஓட்டை இருக்கும். அதற்குப் பதில் வேகத்தைக் குறைத்து மறுபடி படியுங்கள். அப்படியும் வராவிட்டால் அடுத்த டிரைவில் போடுங்கள். ஒரு டிரைவ் கைவிட்ட இடத்தை இன்னொன்று சுலபமாகப் படிப்பது சகஜம். லினக்ஸில் டிடி-ரெஸ்க்யூ என்ற கருவி இதையே முறையாகச் செய்கிறது. நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, விட்ட இடங்களை ஒரு குறிப்புக் கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளும். அதே குறிப்போடு வேறு டிரைவில் ஓட்டினால் விடுபட்டதை மட்டும் நிரப்பும்.

பல தவணைகளில் எழுதப்பட்ட டிஸ்க்கில் ஓர் எச்சரிக்கை. இமேஜைத் திறந்து கோப்புகளின் எண்ணிக்கையை மூலத்தோடு ஒப்பிடுங்கள். குறைந்தால், மூல டிஸ்க்கிலிருந்து கோப்புகளாக எடுத்து, கீழே ஆறாம் படியில் உள்ளபடி ஒரே தவணையாகப் புதிய இமேஜ் செய்துகொள்ளுங்கள்.

5. ஹாஷ்: இமேஜுக்கு ஒன்று, கோப்புகளுக்குத் தனித்தனியாக

ஹாஷ் என்பது கோப்பின் ஒவ்வொரு பைட்டையும் கணக்கில் எடுத்து வரும் நீளமான எண். ஒரு பிட் மாறினாலும் எண் முழுசாக மாறிவிடும். செவன்-ஜிப் நிறுவியிருந்தால், கோப்பின்மேல் வலது கிளிக் செய்து எஸ்.எச்.ஏ.-256 என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். வரும் எண்ணைக் காப்பி செய்து ஒரு டெக்ஸ்ட் கோப்பில் ஒட்டுங்கள். 64 எழுத்தையும் பார்த்துப் பார்த்து டைப் அடிக்கத் தொடங்கினால் எங்காவது ஓர் எழுத்து மாறாமல் இருக்காது.

கோர்ட் வேலையில் இது விருப்பப்பட்டால் செய்வதில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவுப்படி மின்னணுப் பதிவோடு சான்றிதழ் கொடுக்க வேண்டும், அந்தப் படிவத்திலேயே ஹாஷ் எண்ணுக்கும் அது எந்த முறையில் கணக்கிடப்பட்டது என்பதற்கும் இடம் இருக்கிறது. பழைய சட்டம் இருந்தபோதே, 2014-இல் அன்வர் எதிர் பஷீர் வழக்கில், சான்றிதழ் இல்லாத சி.டி.க்களை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. படிவத்தில் யார் கையெழுத்துப் போடுவது என்பதை வக்கீல் சொல்லட்டும், நகல் போடுபவர் அதில் தலையிட வேண்டாம். நம் பொறுப்பு எண்ணைச் சரியாக எடுத்துக் கொடுப்பது.

இங்கே பலர் பயந்துபோகும் இடம் ஒன்று உண்டு. ரைட் பண்ணிய டிஸ்க்கைத் திரும்ப முழு இமேஜாக எடுத்து ஹாஷ் பார்த்தால், சில சமயம் பழைய இமேஜோடு ஒத்துப்போகாது. உடனே "நகல் கெட்டுப்போச்சு" என்று டிஸ்க்கைத் தூக்கிப் போடுவார்கள். டிஸ்க்கின் கடைசியில் எழுதும் முறைக்குத் தகுந்தபடி வெற்றுப் பகுதிகள் சேரலாம், அதனால் இமேஜின் நீளம் மாறும், ஹாஷும் மாறும். அதேபோல் ஒரே கோப்புகளை வைத்து இரண்டு முறை இமேஜ் செய்தாலும் ஹாஷ் வேறாக வரும், ஏனென்றால் செய்த தேதியும் நேரமும் இமேஜுக்குள் பதிவாகிறது. அதனால்தான் உள்ளே இருக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் தனியாக ஹாஷ் எடுக்கச் சொல்கிறேன். அவை ஒத்துப்போனால் நகல் சரி.

6. மூலம் டிஸ்க்காக இல்லாமல் பென் டிரைவாக வந்தால்

சி.சி.டி.வி. பதிவு பெரும்பாலும் இப்படித்தான் வரும். முதலில் கோப்புகளின் ஹாஷ், பிறகுதான் மற்றதெல்லாம். கோப்பைத் திறந்து 'சேவ்' கொடுப்பது, எம்.பி.4-ஆக மாற்றுவது, பெயரை அழகுபடுத்துவது எதையும் மூலத்தில் செய்யாதீர்கள். பல டி.வி.ஆர்.களின் (கேமரா பதிவைச் சேமிக்கும் பெட்டி) கோப்பு சாதாரண பிளேயரில் ஓடாது, அந்தக் கம்பெனியின் பிளேயர் வேண்டும். அதையும் அதே டிஸ்க்கில் தனி ஃபோல்டரில் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் கோர்ட்டில் டிஸ்க் திறக்கும், படம் ஓடாது.

டி.வி.ஆர். கடிகாரம் சரியான நேரத்தைக் காட்டியதா என்று பதிவு எடுத்தவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் முந்தியோ பிந்தியோ ஓடும் டி.வி.ஆர்.கள் ஏராளம்.

டிஸ்க்கின் கோப்பு முறையில், அதாவது டிஸ்க்கில் கோப்புகள் அடுக்கப்படும் விதத்தில், இரண்டு விஷயம். ஒரு கோப்பு 4 ஜி.பி.யைத் தாண்டினால் யு.டி.எஃப். முறையைத் தேர்ந்தெடுங்கள், பழைய ஐ.எஸ்.ஓ. முறை தடுமாறும். கோப்புப் பெயரைத் தமிழில் வைத்திருந்தால் ஜோலியட் முறையில் 64 எழுத்து வரம்பு இருக்கிறது, அந்த எண்ணிக்கை நாம் எண்ணுவது போல இருக்காது. 'கி' நமக்கு ஓர் எழுத்து, கம்ப்யூட்டருக்கு ககரமும் கொக்கியுமாக இரண்டு. 'திருப்பாதிரிப்புலியூர்' என்று எழுதினாலே இருபத்திரண்டு போய்விடும். மணமக்கள் பெயர், ஊர், மண்டபம், தேதி எல்லாவற்றையும் கோப்புப் பெயரிலேயே எழுதும் ஸ்டுடியோக்காரர்கள் இதில் மாட்டிக்கொண்டு, வால் அறுந்த பெயரோடு டிஸ்க் கொடுக்கிறார்கள்.

பிளாங்க் டிஸ்க்கைப் போட்டதும் விண்டோஸ் கேட்கும் கேள்வியில் 'யூ.எஸ்.பி. ஃபிளாஷ் டிரைவ் போல' என்பதைத் தொடாதீர்கள். அப்படி எழுதிய டிஸ்க் அந்தக் கம்ப்யூட்டரில் திறக்கும், வேறு இடத்தில் திறக்குமா என்பது அதிர்ஷ்டம். நாம் இம்ஜ்பர்னில் கோப்புகளை வைத்து இமேஜ் செய்துவிட்டு வருகிறோம், விண்டோஸின் அந்தப் பெட்டியை மூடிவிடுங்கள்.

7. ரைட் பண்ணுதல்

'ரைட் இமேஜ் ஃபைல் டு டிஸ்க்'. இமேஜைக் காட்டி, 'வெரிஃபை' பெட்டியில் டிக் போட்டு, தொடங்குங்கள். ஐ.எஸ்.ஓ. கோப்பை டிஸ்க் ஜன்னலுக்குள் இழுத்துப் போடுவது வேறு காரியம். அப்படிச் செய்தால் டிஸ்க்குக்குள் ஒரே ஒரு ஐ.எஸ்.ஓ. கோப்பு உட்கார்ந்திருக்கும். இதோடு கடைக்குத் திரும்பி வருபவர்களுக்குக் குறைவே இல்லை.

வேகம்: 16 எக்ஸ் என்று போட்ட டி.வி.டி.யை 8 எக்ஸில் எழுதுங்கள். டிஸ்க் உள்ளிருந்து வெளியே எழுதப்படுகிறது, அதிவேகத்தில் வெளிவிளிம்புக்குப் போகும்போதுதான் ஆட்டமும் பிழையும் கூடும். மெதுவாக எழுதினால் நல்லதாயிற்றே என்று 2 எக்ஸுக்கு இறக்கவும் வேண்டாம், அதிவேகத்துக்குத் தயாரித்த சாயப்பூச்சு அவ்வளவு மெதுவான வேகத்தில் சரியாகப் பதியாமல் போகலாம். விளிம்புவரை நிரப்பாமல் 4.2 ஜி.பி. அளவில் நிறுத்திக்கொள்வது என் வழக்கம். "கடைசிப் பாட்டு மட்டும் திக்குதுங்க" என்று வரும் புகார்களில் பாதி அந்தக் கடைசி விளிம்பைச் சேர்ந்தது.

எழுதி முடித்ததும் 'ஃபைனலைஸ்' ஆக வேண்டும், அதாவது டிஸ்க் மூடப்பட வேண்டும். இம்ஜ்பர்ன் தானாகவே செய்துவிடும். மற்ற மென்பொருளில் 'இன்னும் சேர்க்கலாம்' என்ற மாதிரி ஒரு தேர்வு இருக்கும், அதை எடுத்துவிடுங்கள். மூடப்படாத டிஸ்க்கை வீட்டு பிளேயர் வெற்று டிஸ்க் என்றுதான் நினைக்கும். கோர்ட் நகலில் பின்னால் யாரோ எதையோ சேர்க்க வழி விட்டுவைப்பதும் சரியில்லை.

நேரம் சொல்லும்போது கவனம். முழு டி.வி.டி. 8 எக்ஸில் எழுத எட்டு முதல் பத்து நிமிடம், சரிபார்க்க இன்னும் ஐந்தாறு நிமிடம். ஒரு டிரைவில் இருபது நகல் என்றால் ஐந்து மணி நேர வேலை. "ஒரு டீ குடிச்சிட்டு வாங்க சார்" என்று வக்கீல் குமாஸ்தாவை அனுப்பிவிடாதீர்கள்.

8. இன்னொரு டிரைவில் சரிபார்த்தல்

எழுதிய டிரைவே தான் எழுதியதைப் படித்துவிட்டு 'சரி' என்று சொல்வது அரைச் சாட்சி. அதன் லேசர் கொஞ்சம் கோணியிருந்தால் அது கோணலாகவே எழுதும், கோணலாகவே படிக்கும், குறை தெரியாது. வாடிக்கையாளர் வீட்டு டிரைவில்தான் சாயம் வெளுக்கும். ஆகவே ஒவ்வொரு டிஸ்க்கையும் இரண்டாவது டிரைவில் போட்டு, உள்ளிருக்கும் கோப்புகளின் ஹாஷைப் பட்டியலோடு ஒப்பிடுங்கள்.

நேரமே இல்லை என்றால், விளிம்புப் பக்கம் இருக்கும் கடைசிக் கோப்பை முதலில் பாருங்கள். கெடுவதானால் பெரும்பாலும் அதுதான் முதலில் கெடும். முதல் இரண்டு நிமிட வீடியோவை ஓட்டிப் பார்த்துவிட்டு உறையில் போடுவது சோதனையே இல்லை. கடைசிக் கோப்பை மட்டும் பார்க்கும் குறுக்குவழியும் கோர்ட் நகலுக்குக் கூடாது.

9. நிறைய நகல் என்றால் டவர்

ஒரு மூல டிரைவும் பல எழுதும் டிரைவும் அடுக்கிய டூப்ளிகேட்டர் டவர் கம்ப்யூட்டர் இல்லாமலே வேலை செய்யும். அதற்கும் மேலே சொன்ன வரிசை பொருந்தும். வாடிக்கையாளரின் பழைய டிஸ்க்கை மாஸ்டராக வைக்காமல், சரிபார்த்த இமேஜிலிருந்து எழுதிய புது டிஸ்க்கை வையுங்கள். 'காப்பி' என்பதை விட்டுவிட்டு 'காப்பி அண்ட் வெரிஃபை' அழுத்துங்கள். எல்லாத் தட்டிலும் ஒரே பாக்கெட்டிலிருந்து எடுத்த பிளாங்க் டிஸ்க் இருக்கட்டும். ஒரே பிராண்ட் பெயரில்கூட உள்ளே தயாரிப்பாளர் மாறுவதுண்டு, கலந்து போட்டால் எது தோற்றது என்று கண்டுபிடிக்கவே நேரம் போய்விடும்.

10. பெயர் எழுதுதல், உறை, இமேஜ்

டிஸ்க்குக்கென்று விற்கும் மார்க்கரால் மட்டும் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனாவால் சி.டி.யின் மேல் அழுத்தி எழுதுவது, மூன்றாம் படியில் சொன்ன அந்த மெல்லிய பூச்சைக் கீறுவதுதான். காகித ஸ்டிக்கரும் வேண்டாம். ஒரு பக்கம் கோணினால் வேகமாகச் சுற்றும்போது டிஸ்க் ஆடும், நம் ஊர் ஈரத்தில் ஓரம் கிளம்பி டிரைவுக்குள்ளேயே சிக்கும். அழகாக வேண்டுமென்றால் பிரிண்ட் அடிக்கக்கூடிய வெள்ளை மேற்பரப்புள்ள டிஸ்க் வாங்குங்கள்.

எழுத வேண்டியது: என்ன, எந்தத் தேதிப் பதிவு, எந்தத் தேதியில் நகல், எத்தனையில் எத்தனையாவது. ஹாஷை டிஸ்க்கின் மேல் எழுத இடமிருக்காது, அச்சடித்து உறைக்குள் வையுங்கள். வெயில் படாத இடத்தில், கெட்டியான பெட்டியில், நிற்கவைத்து. தேவனாம்பட்டினம் போல் கடலை ஒட்டிய வீடென்றால் ஜன்னலோர அலமாரி கூடாது, மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பை ஒன்று போடச் சொல்லுங்கள்.

டிஸ்க்கை ஒப்படைத்த கையோடு இமேஜை அழித்து இடம் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். கல்யாண வேலை என்றால் ஆறு மாதமாவது வைத்திருங்கள், சம்பந்தி வீட்டுக்கு இன்னொன்று கேட்டு வருவார்கள். வழக்குச் சம்பந்தப்பட்டது என்றால் எவ்வளவு நாள், யார் பொறுப்பில் வைப்பது என்பதை வக்கீலிடம் முதல் நாளே கேட்டு எழுதி வாங்குங்கள். இமேஜ், டெக்ஸ்ட் கோப்பு, பாட்டு சி.டி. என்றால் கியூ கோப்பு எல்லாம் ஒரே ஃபோல்டரில், தேதியைப் பெயராக வைத்து.